கட்சியின் உயிர்

எர்ணாவூர் குடியிருப்பில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அன்புக்கரசிக்குச் சொல்லிவிட்டுத்தான் சமையலுக்கு ஆள் பேசுவார்கள். காது குத்தோ, மஞ்சள் நீராட்டோ, பதினாறாம் நாள் காரியமோ, வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே தள்ளுவதிலிருந்து கடைசியில் வாடகைப் பாத்திரத்தைத் தேய்த்துத் திருப்பி அனுப்புவது வரைக்கும் அவள் இருந்தாக வேண்டும். அவளுக்கும் அதில் பெருமைதான். நாலு பேர் சத்தமாகச் சிரிக்கிற இடத்தில் போய் உட்காராவிட்டால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். புருஷன் ஜெயவேல் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். அவனை ஏன் இப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், “ரெண்டு பேருக்கும் சேத்து அதுவே பேசிக்கினு கீது, நான் வேற இன்னாத்துக்கு” என்பான்.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு கம்ப்யூட்டர், கூச்ச சுபாவம் உள்ளவள், மனிதர்களைக் கண்டால் ஒதுங்குகிறவள் என்று தீர்ப்பு எழுதியது. கதையை இங்கேயிருந்து ஆரம்பித்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லவேண்டும்.

அன்புக்கரசி பிறந்தது வியாசர்பாடியில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவீர்கள். கைக்குழந்தையாக இருந்த மகளை மாநாட்டுப் பந்தல் காலில் தூளி கட்டித் தூங்கவைத்துவிட்டு மைக் செட்டுக்குக் காவல் இருந்த மனிதர் அவர். மகள் கல்யாணத்திலும் ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை. வட்டச் செயலாளர் மாலை எடுத்துக் கொடுத்தார், மாற்றிக்கொண்டார்கள், பிரியாணி போட்டார்கள். அவர் செத்தபோது உடம்பின்மேல் கொடியைப் போர்த்தியது அவள்தான். கால்வாய் ஓரத்து வீட்டை அரசாங்கம் இடித்து எர்ணாவூருக்கு மாற்றியபோது, சாமான்களோடு சாமானாக அந்தக் கட்சியும் கூடவே வந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற கண்டெய்னர் யார்டு ஒன்றில் அவளுக்கு வேலை. கப்பலிலிருந்து இறங்கிச் சரக்கு கொடுத்துவிட்டுக் காலியாக வரும் பெட்டிகளை அடுத்த லோடுக்குத் தயார் செய்து கொடுக்க வேண்டும். ஆணி பிடுங்கி, உடைந்த பலகையைப் பொறுக்கி, கூட்டி, கழுவி, துடைக்க வேண்டும். மத்தியான வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். தோல் ஏற்றி வந்த பெட்டி என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் கான்ட்ராக்ட். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் கிடந்தவர்களைக் கூட்டிச் சங்கம் சேர்த்து, கக்கூஸ் கட்டவைத்தவள் அன்புக்கரசி. அதனால் சங்கத்துக்கு அவளே செயலாளர். டீ நேரத்தில் கட்சிப் பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவாள். கேட்காதவர்களுக்கும் கேட்கும்.

போன வருடம் யார்டு கைமாறியது. புதிதாக வந்த கம்பெனி, கான்ட்ராக்ட் முறையே வேண்டாம், ஆட்களை நாங்களே நேரடியாக எடுத்துக்கொள்கிறோம் என்றது. கேட்டதும் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். அப்புறம்தான் சொன்னார்கள், பாதிப் பேரைத்தான் எடுப்போம், அதற்கு ஒரு பரீட்சை உண்டு, அதன் பெயர் ஆளுமைத் தேர்வு என்று.

பெட்டி கழுவத் தெரியுமா என்று பார்க்கிற பரீட்சை இல்லையாம். ஆள் எப்படி, குணம் எப்படி என்று பார்க்கிற பரீட்சையாம். ஆள் எப்படி என்று தெரிய வேண்டுமானால் கூட வேலை செய்கிறவளைக் கேட்டால் போதாதா. டீக்கடைக்காரரைக் கேட்டாலே ஒவ்வொருத்தி ஜாதகத்தையும் சொல்வாரே. அதெல்லாம் இந்தக் காலத்தில் செல்லாது. மனுஷி எதிரிலேயே நின்றாலும் மெஷின் சொன்னால்தான் அவள் மனுஷி.

அன்புக்கரசிக்கு நாற்பத்து மூன்று வயது. குனிந்து குனிந்து முட்டி போய்விட்டது. இங்கே எடுக்கவில்லை என்றால் வேறு எந்த யார்டிலும் எடுக்கப்போவதில்லை, சங்கத்துக்காரி என்று திருவொற்றியூரிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் பெயர். நிரந்தர வேலை என்றால் மாதச் சம்பளம், லீவு, உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அது கைக்கெட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்ற வெறி அவளுக்கு வந்துவிட்டது. அந்த வெறியை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் நீலமேகம் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். கெட்டவன் இல்லை, காதில் விழுந்ததைக் கால் முளைக்கவைத்து அனுப்புகிறவன்.

“யக்கா, புச்சா வர்றவனுங்களுக்கு கொடி, கட்சி, சங்கம் இதெல்லாம் ஆவாதாம். பரீட்சைல அதத்தான் நோண்டி நோண்டி கேப்பானுங்கோன்னு பேசிக்கிறாங்கோ. உஷாரா இரு.”

“யாரு சொன்னது?”

“யாரு சொன்னா இன்னா, சொன்னாங்கோ. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிக்காத.”

ஒரு வாரம் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு சங்கக் கூட்டத்தில் எழுந்து, முட்டி வலி தாங்க முடியவில்லை, செயலாளர் பொறுப்பை இசக்கியம்மாள் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். இசக்கியம்மாள் திருவொற்றியூர்க்காரி, அவளைவிடப் பத்து வயது சின்னவள், அன்புக்கரசி பேசப் பேசக் கேட்டே பேசக் கற்றுக்கொண்டவள்.

“முட்டி வலிக்கும் செயலாளருக்கும் இன்னாக்கா சம்பந்தம்?” என்று கேட்டாள். “போறதுன்னா போ. நெஜத்த சொல்லிட்டு போ.”

“முட்டி வலிதாண்டி.”

இசக்கியம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் அந்தப் பரீட்சையே எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டவள். என் குணத்தைப் பற்றிக் கேட்க நீ யார் என்று கம்பெனி ஆட்களின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

அன்று மாலை அன்புக்கரசி வாட்ஸப்பில் இருந்த கொடிப் படத்தை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப் பூவை வைத்தாள். ஜெயவேலின் லோடு ஆட்டோ கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சோப்புத் தண்ணீர் விட்டுச் சுரண்டினாள். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பேர இன்னா பண்ணப் போற?” என்றான். “அன்புக்கரசின்னு வேற எவன் வூட்ல பேர் வெப்பான்? ஊருக்கே தெரியும் இது எந்தக் கூட்டத்துப் புள்ளைன்னு.”

“சும்மா இருய்யா. வேல கெடைக்கிற வரைக்கும்தான். அப்பால எல்லாத்தையும் ஒட்டிக்கலாம்.”

பரீட்சை யார்டு கேன்டீனில் நடந்தது. ஸ்லேட்டு மாதிரி ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். நடத்த வந்த பெண் ஷாஸியா, ராயபுரத்துப் பெண், கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். இங்கிலீஷில் படித்து வளர்ந்ததால் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

“இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாதுக்கா. மனசுல என்ன படுதோ அதை அமுக்குங்க. உண்மையை மட்டும் சொல்லுங்க, போதும்.”

முதல் பக்கத்தில், நான் உண்மையான பதில்களையே அளிப்பேன் என்று உறுதி கேட்டது. அமுக்கினாள். அப்புறம் வரிசையாக வாக்கியங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி இல்லவே இல்லை என்பது வரை பொத்தான்கள். வேலையைத் தள்ளிப்போடுவேன், சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவேன் என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது அது வந்தது.

கட்சிகளுக்குச் செல்வது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.

வந்துட்டான்யா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நீலமேகம் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். இல்லவே இல்லை என்று அமுக்கினாள். வேறு ஏதேதோ கேட்டுவிட்டு மறுபடி கட்சிக்கே வந்தான். கட்சிகளில் பலதரப்பட்ட மக்களுடன் பேசுவேன். அவளுக்கு ஓட்டு கேட்டு மாடி மாடியாக ஏறியதெல்லாம் கண்ணுக்குள் வந்தது. இல்லவே இல்லை. கட்சி முடியும் வரை இருந்துவிட்டே வெளியேறுவேன். இது என்ன அபசகுனமான கேள்வி, கட்சி ஏன் முடியப்போகிறது என்று கோபம் வந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு அதற்கும் இல்லவே இல்லை போட்டாள்.

கடைசிக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. நான் கட்சியின் உயிர்.

விரல் நின்றுவிட்டது. பெரிய பெரிய தலைவர்கள் எல்லாம் இருக்க, பெட்டி கழுவுகிற தன்னைப் பார்த்து இப்படிக் கேட்கிறானே என்று அவளுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. உடனே அப்பா ஞாபகம் வந்தது. கூட்டம் கலைந்த பிறகு நாற்காலி அடுக்கி, மூங்கில் அவிழ்த்து, பசியோடு வீட்டுக்கு வருகிற அப்பா. மேடையில் நின்றவர்கள் யாரும் உயிர் இல்லை, இந்த மாதிரி ஆட்கள்தான் உயிர் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். இப்போது இல்லை என்று போட்டால் தன்னை மட்டுமா, அப்பாவையும் சேர்த்து இல்லை என்று சொல்வதாகாதா? பக்கத்தில் ஷாஸியா நேரம் ஆகிறது என்றாள். அன்புக்கரசி கண்ணை மூடிக்கொண்டு இல்லவே இல்லையை அமுக்கினாள்.

வெளியே டீக்கடையில் ஜீனத் உட்கார்ந்திருந்தாள். தண்டையார்பேட்டைக்காரி, இவளோடு ஒரே பெட்டிக்குள் வருஷக்கணக்காகக் குனிந்தவள், சங்கத்தில் சந்தா கொடுப்பதோடு சரி.

“அன்பு, கட்சிய பத்திக் கேட்டானே, நீ இன்னா போட்ட?” என்று ரகசியமாகக் கேட்டாள்.

“இல்லன்னு போட்டேன். நீ?”

“நான் எல்லாத்துக்கும் முழுக்க ஒத்துக்கிறேன்னு போட்டுட்டேன்மே. இவ்ளோ பெரிய கம்பெனி வெச்சிக்கினு கீறான், ஆளுங்கட்சி ஆளாத்தான இருப்பான்? எந்தக் கட்சின்னு கேக்கல. அதான் பொதுவா எல்லா கட்சியும் புடிக்கும்னு போட்டேன்.”

“உயிரு?”

“அதுவும் நான்தான்னு போட்டேன்.”

அன்புக்கரசி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “போச்சு, உன் பொயப்புல நீயே மண்ண போட்டுக்கினியேமே.” ஜீனத் அழவே ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தட்டிக்கொடுத்து, தனக்கு வேலை கிடைத்ததும் எப்படியாவது சொல்லி அவளையும் உள்ளே இழுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

முடிவு வந்தது. போர்டில் ஒட்டியிருந்த பெயர்களில் ஜீனத் இருந்தாள். அன்புக்கரசி மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கீழிருந்து மேலாகப் பார்த்தாள். நேராக ஷாஸியாவின் அறைக்குப் போனாள். ஷாஸியா பாவம், சொல்லக் கூடாததைச் சொல்கிறோம் என்று தயங்கிவிட்டு, கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் இருந்ததைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

“கூச்ச சுபாவம். கூட்டத்தைத் தவிர்ப்பவர். மற்றவர்களோடு கலந்து பழக மாட்டார். குழுவாகச் செய்யும் வேலைக்குப் பொருத்தம் இல்லை.”

“யாரு, நானா?” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “யம்மா, வேற யாரோடதையோ பாத்து சொல்ற. நல்லா பாரு.”

“உங்களோடதுதான்க்கா. பார்ட்டியப் பத்தி வந்த கேள்வி எல்லாத்துக்கும் ரொம்ப லோவா போட்டிருக்கீங்க. அதுலதான் அடிபட்டுருச்சு.”

“எந்த பார்ட்டி? எவனப் பத்தி எவன் கேட்டான்?” எங்கள் பக்கத்தில் பார்ட்டி என்றால் ஆள். வாடகை பார்ட்டி, லோடு பார்ட்டி, கடன் வாங்கிவிட்டுக் காணாமல் போன பார்ட்டி. யாரோ ஒருத்தன் தன்மேல் கோள் சொல்லிவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

“பார்ட்டிக்கா. பர்த்டே பார்ட்டி மாதிரி. நாலு பேர் சேர்ந்து கேக் வெட்டி, சாப்பிட்டு, ஜாலியா இருப்பாங்கள்ல? அதுக்குப் போகப் பிடிக்குமா, கடைசி வரைக்கும் இருப்பீங்களா, நீங்க வந்தாலே அந்த இடம் களைகட்டுமான்னு கேட்டிருக்கு. நீங்க இல்லவே இல்லைன்னு போட்டிருக்கீங்க.”

“தமிழ்ல கட்சின்னு இருந்துச்சும்மா” என்றாள் அன்புக்கரசி.

“ஆமா, பார்ட்டின்னா கட்சிதானே?” என்றது அந்தப் பெண், ஒன்றும் அறியாமல். இங்கிலீஷ் கேள்வியை எவனோ எங்கோ ஒரு மெஷினில் போட்டுத் தமிழாக எடுத்திருக்கிறான். விருந்தைக் களைகட்ட வைக்கிற ஆளுக்கு இங்கிலீஷில் ‘லைஃப் ஆஃப் த பார்ட்டி’ என்பார்கள், அது கட்சியின் உயிர் ஆகிவிட்டது. எடுத்ததைத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லை. பெட்டி கழுவுகிறவளுக்குத்தானே, இது போதும்.

“விசேஷம்னு போட்டிருக்கக் கூடாதாம்மா?” என்று கேட்டாள் அன்புக்கரசி. குரல் உடைந்துவிட்டது. “விசேஷம்னு ஒரு வார்த்த போட்டிருந்தா நான்தாம்மா உயிரு. எர்ணாவூர்ல யாரை வேணாலும் கேளு.”

ஷாஸியா தண்ணீர் கொடுத்தாள். தன்னால் எதையும் மாற்ற முடியாது, ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம் என்றாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது.

வெளியே தள்ளப்பட்ட பெண்களைக் கூட்டிக்கொண்டு இசக்கியம்மாள் மேனேஜரைப் பார்க்கப் போவதாக இருந்தாள். அன்புக்கரசி வெட்கத்தை விட்டு அவளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். இசக்கியம்மாளுக்கு முதலில் கண் பளிச்சென்றது. “இது ஒண்ணு போதும்க்கா. கேள்வியே தப்புன்னா பரீட்சையே செல்லாது.” அப்புறம் மெதுவாக, அந்த முட்டி வலி எங்கேயிருந்து வந்தது என்று புரிந்தவளாக, அவளைப் பார்த்தாள். “சரி. உள்ள வந்து நீயே சொல்லு” என்றாள்.

மேனேஜர் மரியாதையான ஆள். எல்லாரையும் உட்காரச் சொன்னார். அன்புக்கரசி சொன்னதை முழுதாகக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினார்.

“மொழிபெயர்ப்பு தப்புதாம்மா. ஒத்துக்கறேன். மாத்தச் சொல்லிடறேன்.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்புக்கரசிக்கு நெஞ்சு லேசாயிற்று.

“ஒரே ஒரு சந்தேகம்” என்றார் அவர். “உங்களுக்கு அது அரசியல் கட்சின்னு புரிஞ்சுது. சரி. அப்படிப் புரிஞ்ச கேள்விக்கு நீங்க உண்மையைச் சொன்னீங்களா?”

ஆமாம் என்றால், இத்தனை வருஷம் கூட இருந்த இந்தப் பெண்கள் முன்னால், தனக்கும் கட்சிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாகிவிடும். இல்லை என்றால் பொய் சொன்னவளாவாள். யோசித்துப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். இன்றைக்கு யோசித்தாள். இசக்கியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார்” என்றாள் அன்புக்கரசி. “பொய்தான் போட்டேன். கட்சிக்காரின்னு தெரிஞ்சா எடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்.”

“நாங்க உங்க கட்சியப் பத்திக் கேக்கவே இல்லையேம்மா. அது எங்களுக்குத் தேவையும் இல்லை. நீங்களா பயந்துகிட்டு, உண்மை சொல்றேன்னு உறுதி கொடுத்துட்டு பொய் சொன்னா நாங்க என்ன செய்யறது? கேள்வி தப்பா இருக்கலாம். ஆனா ஆள் எப்படின்னு தெரிஞ்சுக்கத்தானே அந்தத் தேர்வு?”

இசக்கியம்மாள் என்னென்னவோ பேசிப் பார்த்தாள், சட்டம் பேசினாள், பயப்படவைத்தது யார் என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அதோடு முடிந்தது.

கேட்டுக்கு வெளியே மற்றவர்கள் கலைந்து போன பிறகு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். கண்டெய்னர் லாரிகள் நகராமல் வரிசையில் நின்றன.

“எக்கா, ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் இசக்கியம்மாள். “கட்சின்னா நம்ம கட்சின்னே வெச்சிக்க. ஆமா, நான் கட்சிக்காரிதான், உயிரு நான்தான்னு நெஜத்த போட்டிருந்தியானா, வேல கெடச்சிருக்கும்ல?”

“கெடச்சிருக்கும்” என்றாள் அன்புக்கரசி.

வெயிலில் முட்டி நிஜமாகவே வலித்தது. வேலை போனது போகட்டும், இனி காலையில் எழுந்து போவதற்கு ஒரு இடமாவது வேண்டுமே என்றிருந்தது. வந்த ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இசக்கி, நான் மறுபடி சங்க வேலைக்கு வந்துரட்டா? செயலாளர்லாம் வேணாம். சும்மா, நோட்டீஸ் குடுக்க, ஆள் கூட்ட.”

இசக்கியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசும்போது குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

“கமிட்டில கேட்டுட்டு சொல்றேங்க்கா” என்றாள்.